கொடுமணல் அகழாய்வு

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் உள்ள சங்ககாலத் தொழிலூர் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் அகழாய்வைத் தொடங்கியது; எ. சுப்பராயலுவும் கா. ராஜனும் முன்னின்றனர்.

இரும்பு உலைகளும் தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. ஆனால் இவ்வூரின் பெருமை மணித்தொழிலே. பச்சைக்கல், பளிங்கு, நீலக்கல், சூதுபவளம் ஆகியவற்றை உடைத்து, தேய்த்து, துளையிட்ட ஒவ்வொரு நிலையும், பாதியில் விட்ட மணிகளும் கழிவுச் சில்லுகளும் உட்பட, மண்ணுக்குள் இருந்தன. ஒரே கல்லறையில் 2000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. பச்சைக்கல் அருகிலுள்ள படியூரில் வெட்டப்பட்டது. இந்த வட்டாரம் கடல் வணிகத்தில் இணைந்திருந்ததன் தடயமாக, கோவை வெள்ளலூரில் ரோமானிய வெள்ளிக்காசுப் புதையல் கிடைத்துள்ளது.

கொடுமணலின் கல்லறைகள் உள்ள ஈமக்காட்டின் கல்வட்டங்கள் பல உழவில் அழிந்துவிட்டன. எஞ்சியவற்றைக் காப்பது அவசரக் கடமை.