பல குரல், ஒரு பாட்டு

அறுகம்பேக் கரையிலே கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவைக் கேட்டோர் ஓர் உண்மையை அறிவர். ஒருவர் முன்னே பாட, ஏனையோர் வாங்கிப் பாட, பல கைகளின் வலு ஒரே கணத்தில் ஒன்றுபடுகிறது. வலை கரை சேர்கிறது. அங்கே பாட்டு உழைப்பின் கருவி. ஆயின், இத்தகைய மக்களுக்கும் மாபெரும் இசையரங்குகளுக்கும் தொடர்பேதும் இல்லை என்றே நெடுங்காலமாக நமக்குச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. இது மெய்தானா?

வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. 1824 இல் பீத்தோவன் தமது ஒன்பதாவது சிம்பனியின் இறுதிப் பகுதியில் மனிதக் குரல்களைச் சேர்த்தார். மானிட சகோதரத்துவத்தைப் போற்றும் ஷில்லரின் கவிதை வாத்தியங்களோடு இணைந்து ஒலித்தது. அக்கதவு திறந்த அதே வியன்னா நகரில், 1905 இல், தொழிலாளர் பத்திரிகையொன்றின் இசை விமர்சகரான டேவிட் யோசேப் பாக் 'தொழிலாளர் சிம்பனிக் கச்சேரி'களைத் தொடக்கி வைத்தார். உழைப்பாளர் அங்கு கேட்போராக மட்டும் இருக்கவில்லை. பகலெல்லாம் வேலை செய்தோர் மாலையிலே கூடிப் பயின்றனர். போராட்டப் பாடல்களைப் பாடிய இயக்கத்தின் பாடற்குழுக்களே சிம்பனி மேடையிலும் ஏறின. 1926 இல் அன்ரன் வேபர்ன் நெறிப்படுத்த, மாலரின் எட்டாவது சிம்பனியை அவர்கள் பாடினர். 1934 பெப்ருவரியில் ஆஸ்திரியத் தொழிலாளரின் எழுச்சி பீரங்கிகளால் நசுக்கப்பட்டது. அவர்களது கட்சியும் சங்கங்களும் தடைசெய்யப்பட்டன. கச்சேரிகளும் அத்தோடு முடிந்தன. பாட்டு வெறும் பொழுதுபோக்காயின் சர்வாதிகாரம் அதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?

தமிழில் இப்பணிக்கு நெருங்கிய பணியை ஆற்றியவர் எம். பி. சீனிவாசன். 1925 இல் பிறந்த அவர், பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்தவர், ஏ. கே. கோபாலனின் செயலாளராகப் பணியாற்றியவர். திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவர். ஜாலியன்வாலாபாக் காலத்துப் போராட்டத் தலைவர் சைபுதீன் கிச்சுலுவின் புதல்வி சாகிதாவை அவர் மணந்தார். 1960 இல் வெளியான 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தார். 1970களிலே சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்த்து, பாரதியின் பாடல்களைப் பல குரல்களுக்கென அமைத்தார்.

இங்கேதான் அவரது சாதனையைக் காண வேண்டும். நம் மரபில் பலர் கூடிப் பாடினாலும் பெரும்பாலும் ஒரே மெட்டையே பாடுவர். சீனிவாசனோ ஆண்குரலுக்கும் பெண்குரலுக்கும் வெவ்வேறு மெட்டுகளை வகுத்து, அவை ஒரே வேளையில் ஒலித்து ஒத்திசையுமாறு செய்தார். தமிழின் ராகங்களையும் அவர் கைவிடவில்லை. 1988 இல் இலட்சத்தீவில் அவர் மறைந்தார்.

பொத்துவில் முதல் கல்முனை வரை நீளும் நமது கரையில் முஸ்லிம்களும் தமிழரும் அயலவர். சிங்கள மக்களும் அருகில் வாழ்கின்றனர். 2009 இல் போர் முடிந்தது. ஐயம் முடிந்துவிட்டதா? ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே குரலில் பாடுவதே என எண்ணுவோர் இன்றும் உளர். ஒரு குரல் இன்னொன்றை விழுங்காமலே பாட்டு முழுமை பெறும் என்பதைச் சேர்ந்திசை மெய்ப்பித்துக் காட்டுகிறது.

இதைக் கற்பிக்கப் பெரும் வாத்தியக் குழு வேண்டியதில்லை. ஒரு வகுப்பறை போதும். ஓர் ஆசிரியர் போதும். கரையிலே அம்பா இருக்கிறது; ஊரிலே பொல்லடிப் பாட்டு இருக்கிறது. அவற்றிலிருந்தே தொடங்கலாம்.