இணையவழித் தனிநபர் நிதிதிரட்டல்

இணையவழித் தனிநபர் நிதிதிரட்டல் என்பது தனி ஒருவர் நற்பணிக்காக இணையத்தின் வழியே பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவதாகும். 2000களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ஜஸ்ட்கிவிங் தளமும், 2010இல் அமெரிக்காவில் கோஃபண்ட்மீ தளமும் இதற்கு வழிவகுத்தன.

இதன் வலிமையை உலகுக்குக் காட்டியவர் டாம் மூர். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றிய இவர், 2020 ஏப்ரலில், கொரோனா பரவிய வேளையில், தேசிய சுகாதார சேவைக்கான தொண்டு நிறுவனங்களுக்கு 1,000 பவுண்டு திரட்ட எண்ணினார். தமது 100ஆவது பிறந்தநாளுக்குள் தோட்டத்தில் வாக்கரைப் பிடித்தபடி 100 சுற்றுகள் நடப்பது திட்டம். 15 லட்சம் பேருக்கு மேல் பணம் அனுப்பினர். ஜஸ்ட்கிவிங் தளத்தில் 3.2 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அத்தொகை அந்தத் தொண்டு நிறுவனங்களுக்கே சென்றது.

பின்னர் அவர் பெயரில் தனி அறக்கட்டளை ஒன்று நிறுவப்பட்டது. அதன் வழியே அவருடைய குடும்பத்தினர் சிலர் ஆதாயம் அடைந்ததாக இங்கிலாந்தின் அறக்கொடை ஆணையம் 2024 நவம்பரில் அறிவித்தது. முதலில் திரட்டிய தொகை இவ்விசாரணைக்கு உட்பட்டதல்ல.

இணையத்தில் மக்கள் ஒரு மனிதரை நம்பியே கொடுக்கின்றனர். அப்பணம் யார் கணக்கில் சேர்கிறது, எவ்வாறு செலவாகிறது என்பதை எவரும் காணும்படி வைப்பதிலேயே இம்முறையின் எதிர்காலம் தங்கியுள்ளது.