ஸ்னெயர் முரசின் மரக்கூடு: ஒரு வரலாற்று நோக்கு

மேலைத்தேய இசைக்குழுக்களின் முரசுத் தொகுதியிலே, வாசிப்போனின் முழங்கால்களுக்கிடையே அமர்ந்திருப்பது ஸ்னெயர் முரசாகும். பெரும்பாலும் 14 அங்குல விட்டமும் 5 முதல் 6½ அங்குல ஆழமும் கொண்ட இக்கருவியின் மேற்றோலிற் கோல் விழும்போது, கீழ்த்தோலை ஒட்டிக் கிடக்கும் கம்பிச் சுருள்கள் அதிர்ந்து கூரிய ஒலியை எழுப்புகின்றன. இதனைத் தெரிவு செய்ய முற்படுவோர் எழுப்பும் முதல் வினா, கூடு உலோகமா மரமா, மரமாயின் எம்மரம் என்பதாகும். இது செவிச்சுவை பற்றிய வினாவாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின், அத்தெரிவுக்குரிய பொருள்களைச் செவி மட்டும் தீர்மானிக்கவில்லை. போரும் தொழிற்சாலையும் ஒலிப்பதிவும் அதிற் பங்குகொண்டன என்பதையே வரலாறு உணர்த்துகின்றது.

ஒரு கையாற் குழலையும் மறு கையால் முரசையும் இசைத்த மத்தியகால ஐரோப்பியக் கலைஞரின் 'டேபர்' என்னும் சிறு முரசிலேயே, தோலின் குறுக்கே நரம்பு கட்டும் வழக்கம் காணப்பட்டது. 15 ஆம் நூற்றாண்டிலே சுவிற்சர்லாந்தின் காலாட்படையினர் குழலையும் முரசையும் போர்க்களத்திற்குக் கொண்டு சென்றனர். இடப்பக்கத்திலே தொங்கிய முரசு நடையின்போது சாய்ந்திருந்தமையால், இடக்கை உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக் கோலைப் பிடிக்கும் முறை தோன்றிற்று. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரிலே முரசறைந்தோருட் பலர் சிறுவர்களாவர். அவர்தம் முரசுகள் ஆஷ், மேப்பிள் போன்ற மரங்களின் மெல்லிய பலகையை வளைத்து, கயிற்றினால் தோலை இறுக்கிச் செய்யப்பட்டவை. மரம் அன்று இனிமைக்காக மட்டும் தேரப்பட்டதன்று; வளையும், கிடைக்கும், சுமக்கலாம் என்பதற்காகவும் தேரப்பட்டது.

முரசு படையிலிருந்து நாடக அரங்குகளுக்கும் நடன மண்டபங்களுக்கும் இடம்பெயர்ந்தபோது அதன் இயல்பும் மாறிற்று. 1909 இல் சிக்காகோவிலே வில்லியம் லட்விக் உருவாக்கிய விரைவான மிதிகட்டை, பலர் செய்த வேலையை ஒருவரே செய்வதற்குப் பெரிதும் துணைபுரிந்தது. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளிலே பித்தளைக் கூடுகளும் பெருகின. எனினும், அக்கால ஒலிப்பதிவு முறை முரசின் வன்மையைத் தாங்கவில்லை. 1923 இல் கிங் ஒலிவர் குழுவினர் இசைத்தட்டுகளுக்கு வாசித்தபோது, நியூ ஓர்லியன்ஸின் பெருங்கலைஞரான பேபி டொட்ஸ் பெரிதும் மரக்கட்டைகளைத் தட்டியே தாளங்காக்க நேர்ந்தது. 1925 இல் மின்முறை ஒலிப்பதிவு வந்த பின்னரே முரசின் நுண்ணொலிகள் பதிவுபெறும் வாய்ப்பு விரிந்தது.

இச்சூழலிலேயே 1930களில் ஸ்லிங்கர்லன்ட் நிறுவனத்தின் 'றேடியோ கிங்' முரசு தோன்றிற்று. ஒரே மேப்பிள் பலகையை நீராவியால் வளைத்து, உட்புறம் வலுவூட்டும் வளையங்களைப் பொருத்தி அதனைச் செய்தனர். ஜீன் குரூப்பா அதனை வாசித்துப் புகழ்பெறச் செய்தார். வானொலியைத் தன் பெயரிலேயே தாங்கிய அம்முரசு, கருவிக்கும் காலத்துக்குமுள்ள உறவுக்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப் போர் இவ்வுறவை மேலும் தெளிவாக்கியது. 1942 இல் அமெரிக்க அரசு இசைக்கருவிகளிற் பயன்படும் உலோகத்தை அவற்றின் நிறையில் பத்திலொரு பங்காக மட்டுப்படுத்தியது. ஆணிதாங்கும் உறுப்புகளும் விளிம்பு வளையங்களும்கூட மரத்திலே கடையப்பட்டன. போர் முடிந்ததும் அவை கைவிடப்பட்டன. இங்கு மரத்தைத் தேர்ந்தது கலைஞனின் செவியன்று, அரசின் ஆணையேயாகும்.

பிற்காலப் பெருஞ்சந்தைக்குப் பல மென்தகடுகளை ஒட்டிய கூடுகளே ஏற்றவையாயின. 1957 அளவில் வந்த செயற்கைத் தோல், ஈரக்காற்றில் தளரும் கன்றுத் தோலை விலக்கியது. 1960களில் லட்விக்கின் அலுமினியக் கூடு ஒலிப்பதிவு நிலையங்களிலே செல்வாக்குப் பெற்றது. ஆயினும், 1964 இல் பீற்றில்ஸ் குழுவினர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியபோது ரிங்கோ ஸ்டார் வாசித்தது அதே நிறுவனத்தின் மரமுரசையேயாகும். 1970களில் யமஹா நிறுவனம் பேர்ச் மரத்தை முதன்மைப்படுத்தியது. மேப்பிளின் ஒலி சமநிலையும் இதமும் உடையது. பேர்ச்சின் ஒலி கூர்மையானது, விரைந்து அடங்குவது. மஹோகனியின் ஒலி தாழ்ந்து ஒலிப்பது என வாசிப்போர் வகுத்துரைப்பர்.

பின்னர் ஆபிரிக்காவின் அடர்த்தி மிக்க புபிங்கா மரமும் நாடப்பட்டது. காடழிவு குறித்த அச்சத்தினால் 2017 இல் அதன் சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்டது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இல் விலக்களிக்கப்பட்டபோதிலும், முரசின் ஒலிக்குக் காடு செலுத்தும் விலை அதனால் மறைந்துவிடவில்லை.

எனவே, மரமுரசொன்றைத் தேர்வோர் மரத்தின் பெயருக்கு மயங்குதல் பொருந்தாது. கூடு வட்டம் பிசகாதுள்ளதா, தோல் அமரும் விளிம்பு சமமாக உள்ளதா, கம்பிகள் படியும் பள்ளம் செவ்வையாக உள்ளதா என்பனவே முதலில் நோக்கத்தக்கவை. மெல்லிய கூடு தானும் அதிர்ந்து தாழ்ந்தொலிக்கும். தடித்த கூடு உரத்தொலிக்கும். தோலும் அதனை இறுக்கும் முறையும் மரவகையிலும் மேலாக ஒலியை மாற்றவல்லன. இவற்றுக்குப் பின்னரே மரத்தின் முறை வருகின்றது. படைச்சிறுவனின் தோளிலே தொங்கிய பலகை, கலைஞனின் சுவைக்குரிய பொருளாக மாற நெடுங்காலம் சென்றது. அக்காலத்தை அறிந்து தேர்வோனே தன் செவியையும் நம்பித் தேர வல்லவனாவான்.