முக அடையாளக் கண்காணிப்பு: தனியுரிமை குறித்துச் சட்டம் சொல்வது என்ன?

ஜீடிமெட்லா (ஹைதராபாத்): ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்குப் பணிக்கு வரும் தொழிலாளி, சாலைச் சந்திப்பு, கடைவீதி, ஆலை வாயில் என ஒரே நாளில் பல சிசிடிவி கேமராக்களைக் கடக்கிறார். அவரது கைப்பேசிச் செயலிகளும் அவர் செல்லும் இடங்களையும் தேடும் பொருட்களையும் பதிவு செய்கின்றன. இப்பதிவுகளைக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டா?

கேமராக்கள் பெருகியது எப்படி?

ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தில் 2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் அதிகம் கூடும் நிறுவனங்களில் கேமரா பொருத்துவதையும், பதிவுகளை 30 நாட்கள் பாதுகாப்பதையும் கட்டாயமாக்கியது. பின்னர் 'நேனு சைதம்' (நானும் கூட) திட்டத்தின்கீழ் குடியிருப்போரும் வணிகர்களும் கேமராக்கள் அமைத்தனர். பஞ்சாரா ஹில்ஸில் ஒருங்கிணைந்த கட்டளைக் கட்டுப்பாட்டு மையம் 2022 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறக்கப்பட்டது.

முக அடையாளம் ஏன் வேறுபட்டது?

சாதாரண கேமரா காட்சியைப் பதிவு செய்வதோடு நின்றுவிடும். முக அடையாளத் தொழில்நுட்பமோ முகத்தின் அமைப்பை எண்களாக மாற்றி, தரவுத்தளத்தில் உள்ள படங்களுடன் ஒப்பிடுகிறது. இரு முகங்கள் எந்த அளவுக்கு ஒத்திருக்கின்றன என்பதை மட்டுமே அது கூறும். ஆகவே தவறான நபர் அடையாளம் காட்டப்பட வாய்ப்பு உண்டு. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். முகத்தை மாற்ற இயலாது. தெலங்கானா காவல்துறையின் 'டிஎஸ்காப்' செயலியில் இவ்வசதி 2018-இல் சேர்க்கப்பட்டது.

நீதிமன்றத்தில் வழக்கு

2021 மே மாதம், ஊரடங்கின்போது ஹைதராபாத்தில் சமூக ஆர்வலர் எஸ்.கியூ.மசூதை நிறுத்திய காவலர்கள், முகக்கவசத்தைக் கழற்றுமாறு கூறினர். அவர் மறுத்தபோதும் படம் எடுத்ததாக அவர் தெரிவித்தார். உரிய சட்டம் இன்றி இத்தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுவதாக அவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2022 ஜனவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

தமிழ்நாட்டிலும் காவல்துறையின் முக அடையாளத் தளம் 2021 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதன் தரவுகள் கசிந்ததாக 2024 மே மாதம் செய்தி வெளியானது.

மூன்று அளவுகோல்கள்

தனியுரிமை அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் அரசு தலையிட வேண்டுமெனில் சட்டத்தின் ஆதரவு, நியாயமான நோக்கம், நோக்கத்துக்கு மிகாத அளவு ஆகிய மூன்றும் தேவை. பொது இடத்தில் நடமாடுவதாலேயே ஒருவர் இவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை.

குடிமக்களின் உரிமை என்ன?

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்கள் வைத்திருக்கும் தம் தரவுகளைப் பற்றி அறியவும், திருத்தவும், நீக்கக் கோரவும் வழிவகுக்கிறது. பாதுகாப்பில் தவறும் நிறுவனங்களுக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் குற்றத் தடுப்பு, புலனாய்வுப் பணிகளுக்கு இச்சட்டத்தின் பல பிரிவுகளில் இருந்து விலக்கு உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கோ இச்சட்டமே பொருந்தாது.

எனவே, வணிகச் செயலியிடம் தன் தரவை நீக்கக் கோரும் அதே தொழிலாளி, காவல்துறை எடுத்த தன் முகப்படம் குறித்துக் கேள்வி எழுப்ப, அரசியல் சாசனம் தரும் உரிமையை முன்வைத்து நீதிமன்றத்தையே நாட வேண்டியுள்ளது.