பெண் ஏறினால் மலை சிறுத்துவிடுமா?

பிரான்சின் ஷமோனி ஊருக்கு மேலே ஊசிகளைப் போல நிற்கும் கருங்கல் சிகரங்களில் ஒன்று கிரெபோன். உயரம் 3,482 மீட்டர். ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இதைவிட உயரமானவை பல உண்டு. ஆனால் இங்கே பாறைப் பிளவுகளில் கையையும் காலையும் செருகித்தான் மேலே போக முடியும். 1881இல் ஆங்கிலேயர் ஆல்பர்ட் மம்மரி, பர்கனர், வெனெட்ஸ் என்ற இரண்டு சுவிஸ் வழிகாட்டிகளுடன் இதன் உச்சியைத் தொட்டார். மிகக் கடினமான பிளவில் முன்னால் ஏறியவர் வெனெட்ஸ். அந்தப் பிளவுக்கு இன்று வழங்கும் பெயரோ மம்மரியுடையது. கூலி வாங்கியவரின் கை ஏறியது, கூலி கொடுத்தவரின் பெயர் நின்றது.

1893இல் லில்லி பிரிஸ்டோ என்ற பெண் மம்மரியோடு அதே சிகரத்தில் ஏறினார். கேமராவையும் தூக்கிக்கொண்டு போய்ப் படமும் எடுத்தார். இரண்டாண்டு கழித்து மம்மரியின் நூல் வந்தது. ஒவ்வொரு மலைக்கும் மூன்று பருவங்கள் உண்டு என்று அதில் பாதி வேடிக்கையாகச் சொல்கிறார். முதலில் அது யாராலும் ஏற முடியாத மலை. பிறகு ஆல்ப்ஸிலேயே கடினமான மலை. கடைசியில் பெண்கள் ஒரு பகலில் எளிதாக ஏறிவிடும் மலை.

இந்த மூன்று பருவங்களிலும் பாறை ஒரு விரற்கடைகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். ஏறுகிறவர் மாறியதும் வேலையின் மதிப்பு மாறிவிடுகிறது.

பாறையேற்றத்தில் கயிற்றின் முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பின்னால் வருகிறவர் கைதவறினால் மேலிருக்கும் கயிறு தாங்கிவிடும். முன்னால் போகிறவருக்கு மேலே கயிறு இல்லை, விழுந்தால் நெடுந்தூரம் விழவேண்டியதுதான். வழியைத் தீர்மானிப்பவரும் அவரே. அமெரிக்கரான மிரியம் ஓ'பிரையன் இதைத்தான் யோசித்தார். கயிற்றில் ஓர் ஆண் இருக்கும்வரை நெருக்கடி வரும்போது பொறுப்பு அவனிடம் போய்விடும். ஆகவே ஆணே இல்லாமல் ஏறவேண்டும் என்று முடிவு செய்தார். 1929 ஆகஸ்டில் அவரும் பிரெஞ்சுப் பெண் அலிஸ் தமேமும் இருவராகவே கிரெபோனில் ஏறி இறங்கினார்கள். பெண்கள் இருவரே ஏறிவிட்டதால் இனித் தன்மானமுள்ள ஆண் எவனும் அதில் ஏற முடியாது, கிரெபோன் மறைந்தே போயிற்று என்று ஒரு பிரெஞ்சு மலையேறி வருத்தப்பட்டார். மம்மரியின் வேடிக்கை அங்கே உண்மையான புலம்பலாகிவிட்டது. 1857இல் லண்டனில் தொடங்கிய ஆல்பைன் கிளப், பெண்களை உறுப்பினராக ஏற்க 1970களின் நடுப்பகுதி வரை எடுத்துக்கொண்டது.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1981இல் ரேகா சர்மா, ஹர்ஷ்வந்தி பிஷ்ட், சந்திரபிரபா ஐத்வால் மூவரும் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தாதேவியின் உச்சியை அடைந்தார்கள். 1984 மே 23 அன்று பச்சேந்திரி பால் எவரெஸ்டை அடைந்தார். சில நாள் முன்பு கூடாரத்தின் மேல் பனிச்சரிவு விழுந்து அவருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. ஹர்ஷ்வந்தி பொருளாதாரப் பேராசிரியர். கங்கோத்ரி தேசியப் பூங்காவில் விறகுக்காகவும் யாத்திரைக் கூட்டத்தாலும் அழிந்துகொண்டிருந்த பூர்ஜ மரங்களை மீண்டும் நட்டு வளர்த்தார். இந்திய மலையேற்ற அறக்கட்டளைக்கு ஒரு பெண் தலைவராக 2021 வரை ஆனது. அந்தப் பெண்ணும் அவரே. 2016இல் எவரெஸ்டில் ஏறிய முதல் இலங்கையர் ஜெயந்தி குரு உதும்பால ஒரு பெண், அதிலும் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர். 2023இல் விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி அந்த உச்சிக்குப் போனார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவரே முதல்வர்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, "இப்பதான் பணம் கட்டினா ஷெர்பாவே மேல கூட்டிட்டுப் போயிடறாங்களே மேடம், அது ஈஸிதானே?" என்றாள். எவரெஸ்டில் ஏறும் ஆண்களுக்கும் ஷெர்பாக்கள்தான் கயிறு கட்டுகிறார்கள். பெண்ணின் பெயர் வந்ததும்தான் இந்தக் கேள்வி நமக்குத் தோன்றுகிறது. அவளிடம், "உங்க அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று கேட்டேன். "ஷூ கம்பெனியில மேல்தோல் தைக்கிறாங்க. உக்காந்து செய்ற வேலைதான் மேடம்" என்றாள். சொன்ன பிறகு அவளே சற்று நேரம் பேசவில்லை.

கணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை இந்தத் தோல் பூமியில் தையல் மெஷின்களின் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வளைந்த தோலில் ஒரு தையல் விலகினால் அந்த ஜோடி கழிவு. கண்ணும் முதுகும் தேயும் வேலை. பெண்கள் செய்வதால் அதற்கு 'உட்கார்ந்த வேலை' என்று பெயர், கூலியும் அந்தப் பெயருக்கு ஏற்றபடி. கிரெபோனுக்கு நடந்ததுதான் இங்கும் நடக்கிறது.

பெண்களை முதன்முதலில் செய்தவர்களாகப் பட்டியலிடுவது வரலாற்றில் பாதி வேலைதான். அவர்கள் செய்தபின் அந்த வேலைக்கு என்ன பெயர் வைத்தார்கள், எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்று கேட்பது மீதிப் பாதி. அடுத்த வாரம் அந்த மாணவி அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்: ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, ஒரு ஜோடிக்கு எத்தனை தையல். அந்தத் தாளை வாங்கி வகுப்பில் உரக்கப் படித்தோம்.