கிரிட்ஸ்: தென்மாநிலங்களின் மக்காச்சோளக் குருணை

காய்ந்த மக்காச்சோளத்தைக் குருணையாக உடைத்து, தண்ணீரிலோ பாலிலோ குழைய வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் சேர்த்து உண்பதுதான் கிரிட்ஸ். அமெரிக்காவின் தென்மாநிலங்களில், வர்ஜீனியா தொடங்கி டெக்சஸ் வரை, காலை உணவுத் தட்டில் முட்டைக்கும் பன்றி இறைச்சிக்கும் பக்கத்தில் அதற்கு இடம் உண்டு. பச்சையாக வேகவைத்துத் தின்னும் இனிப்புச் சோளம் இதற்கு உதவாது. முற்றிக் காய்ந்தபின் மணியின் உச்சியில் குழி விழும் 'டென்ட்' வகைதான் வேண்டும். கடலோர ஊர்களில் வெள்ளைக் குருணையும், உள்நாட்டில் மஞ்சள் குருணையும் அதிகம் விரும்பப்படும். பண்டம் எளியது. ஆனால் அதன் மணம், சத்து, ஒரு தலைமுறையையே வாட்டிய நோயில் அதற்கிருந்த பங்கு ஆகிய மூன்றும் தானியம் எப்படி உடைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தன. கிரிட்ஸின் வரலாறு பெரும்பாலும் அரைவையின் வரலாறுதான்.

மக்காச்சோளம் தெற்கு மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் டியோசின்டே என்ற புல்லிலிருந்து மனிதர் தேர்ந்து வளர்த்த பயிர். வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் அது முதன்மை உணவானது கி.பி. 900–1000 வாக்கில். அங்கு வாழ்ந்த மஸ்கோகி, செரோக்கி, சாக்டா, சிக்கசா மக்கள் மரத்தண்டைக் குடைந்த உரலில் சோளத்தை இடித்து, புடைத்து, உமியை ஊதிவிட்டு, மாவை ஒரு பக்கமும் குருணையை ஒரு பக்கமுமாகப் பிரித்தார்கள். பல வீடுகளில் சோளத்தை முதலில் மரச்சாம்பல் கரைத்த நீரில் ஊறவைத்து அல்லது வேகவைத்துத் தோலை நீக்கினார்கள். சாம்பலின் காரம் தோலை உரித்ததோடு, மக்காச்சோளத்தில் உடலுக்குக் கிடைக்காத வடிவில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்ற பி வைட்டமினையும் விடுவித்தது. அதன் வேதியியலை யாரும் அறியாத காலத்திலேயே அந்தச் சமையல் முறை மக்களை நோயிலிருந்து காத்தது.

மஸ்கோகி மக்களின் 'சோஃப்கி' இந்த மரபின் நேரடி வாரிசு. சாம்பல் நீர் சேர்த்து நெடுநேரம் காய்ச்சிய குருணைக் கஞ்சியை அப்படியே குடிப்பார்கள். நம் கம்பங்கூழைப் போல ஓரிரு நாள் புளிக்கவிட்டும் குடிப்பார்கள். விருந்தாளி எந்நேரம் வந்தாலும் கொடுக்க ஒரு பானை தயாராக இருக்கும். 1830-இல் இயற்றப்பட்ட இந்தியர் வெளியேற்றச் சட்டத்தின்கீழ் அவர்கள் சொந்த மண்ணிலிருந்து மேற்கே துரத்தப்பட்டபோது சோஃப்கியும் உடன் போனது. இன்றும் ஓக்லஹோமாவில் அது காய்ச்சப்படுகிறது.

ஐரோப்பியக் குடியேறிகள் குருணையைச் சமைக்கக் கற்றது இந்த மக்களிடம். கோதுமை சரியாக விளையாத வெப்பமான, ஈரமான தென்பகுதியில் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் தோட்டங்களில் அந்தக் குருணையை நாள்தோறும் இடித்ததும் சமைத்ததும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். வாரப் படியாக அவர்களுக்கு அளக்கப்பட்டது பெரும்பாலும் ஒரு 'பெக்', அதாவது சுமார் ஒன்பது லிட்டர் மக்காச்சோளமும், கொஞ்சம் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும்தான். பகல் முழுவதும் வயலில் உழைத்துவிட்டு, இரவில் கைத்திரிகையிலோ உரலிலோ அவர்களே அரைத்துக்கொள்ள வேண்டும். கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் இவர்களின் வழிவந்தவர்களே கல்லா கீச்சி மக்கள். மேற்கு ஆப்பிரிக்க நெல் வயல்களில் பழகிய கைகள் அவர்களின் முன்னோருடையவை. நெல்லுக்குப் பயன்பட்ட அதே அகன்ற புடைகூடை, தீவுகளில் கிடைக்கும் புல்லைச் சுருள்சுருளாகச் சுற்றிப் பனையோலைக் கீற்றால் தைத்தது, சோளத்துக்கும் பயன்பட்டது. இடித்த சோளத்தைக் கூடையில் இட்டுக் காற்றில் எறிந்து பிடித்தால் தோல் பறந்துவிடும். கூடையை லேசாகச் சாய்த்து அசைத்தால் மாவு ஒதுங்கிக் குருணை தனியே நிற்கும். தென்மாநிலச் சமையல் வரலாறுகள் பலவற்றில் நெடுங்காலம் இந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இல்லாமல் போனது பெரும் அநீதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓடைக்கரைகளில் நீர்ச்சக்கர ஆலைகள் பெருகின. உழவர் மூட்டையோடு வருவார். ஆலைக்காரர் கூலியாகத் தானியத்திலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்வார். இரண்டு கற்களுக்கு நடுவில் மெதுவாக அரைபடும்போது தானியம் அதிகம் சூடேறாது. மணியின் எண்ணெய் நிறைந்த முளைப்பகுதியும் குருணையோடு சேர்ந்தே வரும். சோளத்தின் வாசம் இருப்பது அந்த முளையில்தான். ஒரே அரைவையைச் சலித்து, நுண்ணியதை ரொட்டி மாவாகவும் பருமனானதைக் கிரிட்ஸாகவும் பிரித்தார்கள். சார்ல்ஸ்டன் நகரில் வேகாததைக் கிரிட்ஸ் என்றும் வெந்ததை 'ஹாமினி' என்றும் சொல்வது வழக்கம். 1847-இல் சாரா ரட்லெட்ஜ் வெளியிட்ட 'தி கரோலினா ஹவுஸ்வைஃப்' நூலில், வெந்த குருணையில் வெண்ணெய், முட்டை, பால், சோளமாவு கலந்து சுடும் ரொட்டிக்கான குறிப்பு இருக்கிறது. சார்ல்ஸ்டனுக்கு வடக்கே உள்ள அவெண்டா என்ற ஊரின் பெயரால் அந்த ரொட்டி அறியப்படுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பு உருளை ஆலைகளும், முளையைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களும் பரவின. முளையிலுள்ள எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடித்துவிடும். அதை நீக்கினால் குருணையை மாதக்கணக்கில் கடையில் வைக்கலாம், தொலைதூரம் ரயிலில் அனுப்பலாம். வணிகத்துக்கு அது லாபம். ஆனால் முளையோடு சத்தும் போனது. சாம்பல் நீரில் ஊறவைக்கும் வழக்கம் அதற்கு முன்பே பெரும்பாலான வீடுகளிலிருந்து மறைந்திருந்தது. பருத்தித் தோட்டக் குத்தகைதாரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் ஆண்டின் பல மாதங்கள் சோளம், பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு என்ற மூன்றை மட்டுமே தின்று வாழ்ந்தார்கள். விளைவு பெலாக்ரா. வெயில் படும் இடமெல்லாம் தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு ஓயாது, இறுதியில் புத்தி தடுமாறும். 1906 முதல் 1940 வரை சுமார் 30 லட்சம் பேருக்கு இந்நோய் கண்டதாகவும், சுமார் ஒரு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிடப்படுகிறது.

இது தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் நம்பினார்கள். 1914-இல் மத்திய பொதுச் சுகாதாரத் துறை அனுப்பிய ஜோசப் கோல்ட்பெர்கர், கருணை இல்லங்களிலும் மனநோய் விடுதிகளிலும் உள்ளே இருப்பவர்களுக்கு வரும் நோய் அங்கே பணியாற்றுபவர்களுக்கு வராததைக் கண்டார். காரணம் சாப்பாட்டில் இருக்கிறது என்று முடிவுகட்டினார். 1915-இல் மிசிசிப்பியின் ரான்கின் சிறைப் பண்ணையில், விடுதலைக்கு ஈடாக முன்வந்த கைதிகளுக்குக் கிரிட்ஸ், சோளக்களி, சோள ரொட்டி, அரிசி, பாகு போன்றவை மிகுந்த உணவையே மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்தார். கடைசிவரை இருந்த 11 பேரில் 6 பேருக்குப் பெலாக்ரா வந்தது. அப்போதும் எதிர்ப்பு அடங்காததால், தொற்று இல்லை என்று நிரூபிக்க நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடலில் ஏற்றிக்கொண்டார். அவர் மனைவியும் ஏற்றுக்கொண்டார். இருவருக்கும் நோய் வரவில்லை. நோயைத் தீர்க்கும் பொருள் நியாசின் என்று 1937-இல் கான்ராட் எல்வெயம் கண்டறிந்தபோது கோல்ட்பெர்கர் உயிரோடு இல்லை. பின்னர் ஆலைக் குருணையில் வைட்டமின் சேர்த்து விற்கும் முறை வந்தது. தென் கரோலினாவில் அது சட்டப்படி கட்டாயமானது.

ஆலைகள் சமையல் நேரத்தையும் மாற்றின. கல்லில் அரைத்த பருங்குருணை வேக முக்கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். நுண்ணிதாக அரைத்த 'குவிக்' கிரிட்ஸுக்கு ஐந்து நிமிடம் போதும். முன்பே வேகவைத்து உலர்த்திய 'இன்ஸ்டன்ட்' பொட்டலத்தில் கொதிநீர் ஊற்றினாலே போதும். தென்மாநிலச் சமையலறைகளில் இன்ஸ்டன்ட் கிரிட்ஸுக்கு நல்ல பெயர் கிடையாது. அது நியாயமே: பொட்டலத்தில் இருப்பது குழைவு மட்டும், சோளத்தின் மணம் அதில் இல்லை.

நல்ல கிரிட்ஸ் சமைப்பதில் ரகசியம் ஏதுமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு பங்கு குருணைக்கு நான்கு பங்கு தண்ணீர். முதல் நாள் இரவே ஊறப்போட்டால் விரைவில் வேகும். மேலே மிதக்கும் உமியைக் கரண்டியால் வழித்துவிடலாம். கொதி வரும்வரை விடாமல் கிண்ட வேண்டும்; முதல் சில நிமிடங்களில் கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். மாவுச்சத்து கெட்டிப்பட்டுக் குருணையைத் தாங்கத் தொடங்கியதும் தீயை மிகவும் தணித்து, இறுகும்போதெல்லாம் கொஞ்சம் வெந்நீர் விட்டு, மரக்கரண்டியால் அவ்வப்போது துழாவினால் போதும். நாக்கில் நறநறப்பு இல்லாமல், ஒவ்வொரு குருணையும் மென்மையாகத் தனித்து உணரப்படுவதுதான் பதம். உப்பும் வெண்ணெயும் கடைசியில்.

உண்ணும் விதம் ஊருக்கு ஊர் மாறும். மலைப்பகுதிகளில் உப்பிட்ட ஹாம் வறுத்த சட்டியில் கருங்காப்பியை ஊற்றிக் கிளறிய 'ரெட் ஐ' குழம்பை மேலே விடுவார்கள். நியூ ஆர்லியன்ஸில் 'கிரில்லாட்ஸ்' என்ற, தக்காளிக் குழம்பில் வெந்த மாட்டிறைச்சித் துண்டுகளோடு பரிமாறுவார்கள். ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் பொரித்த கிரன்ட் மீனும், மிசிசிப்பிப் பக்கம் பொரித்த கெளுத்தியும் துணை. செடார் சீஸும் பூண்டும் கலந்து சுட்ட கிரிட்ஸ் சர்ச் விருந்துகளில் தவறாது. மிஞ்சியதைத் தட்டில் கொட்டி ஆறவிட்டால் மறுநாள் வில்லை போட்டு, முட்டையில் தோய்த்துப் பன்றிக் கொழுப்பில் முறுகப் பொரிக்கலாம். சர்க்கரை போடுவது சரியா என்ற வழக்குக்கு மட்டும் இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

உலகம் இன்று அதிகம் அறிந்திருப்பது இறால் கிரிட்ஸை. கரோலினாக் கடலோர மீனவர் வீடுகளில், ஓடைகளில் வலை வீசிப் பிடித்த சிறு இறாலை வெங்காயத்தோடு கொழுப்பில் வதக்கி, மாவு கரைத்துக் குழம்பாக்கிக் குருணை மேல் ஊற்றிக் காலையில் உண்டார்கள். 1982-இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் 'குரூக்ஸ் கார்னர்' உணவகத்தைத் தொடங்கிய பில் நீல், சீஸ் கலந்த கிரிட்ஸின் மேல் பேக்கன், காளான், வெங்காயத்தாள், எலுமிச்சை சேர்த்த இறாலை இரவு உணவாகப் பரிமாறினார். மிசிசிப்பியில் பிறந்த கிரெய்க் கிளைபோர்ன் 1985-இல் அதை 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் எழுதியபின் நாடெங்கும் உணவகங்கள் அதைப் பின்பற்றின. 2002-இல் ஜார்ஜியா மாநிலம் கிரிட்ஸைத் தன் அதிகாரபூர்வச் சமைத்த உணவாக அறிவித்தது. கல்லா கீச்சி அடுக்களையின் பங்கு அச்சில் பரவலாகப் பேசப்பட இன்னும் காலம் பிடித்தது; எடிஸ்டோ தீவின் எமிலி மெகெட் எழுதிய சமையல் நூல் 2022-இல்தான் வெளிவந்தது.

அரைவையும் திரும்பி வந்திருக்கிறது. 1998-இல் தென் கரோலினாவின் கொலம்பியாவில் 'ஆன்சன் மில்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கிய கிளென் ராபர்ட்ஸ், மறைந்துபோகும் நிலையில் இருந்த 'கரோலினா கோர்ட்சீட் ஒயிட்' என்ற வெள்ளைச் சோளத்தை டில்லன் ஊருக்கு அருகே கள்ளச்சாராயம் காய்ச்சுபவர் ஒருவரின் வயலில் கண்டெடுத்துப் பயிரிட்டார். சாராயத்துக்கு மணமுள்ள சோளம் தேவைப்பட்டதால் அங்கே விதை பிழைத்திருந்தது. இப்போது தென்மாநிலங்களில் பல சிறு ஆலைகள் பழைய வகைகளைக் கல்லில் அரைத்து விற்கின்றன. முளை நீக்கப்படாததால் அந்தக் குருணை அலமாரியில் நெடுநாள் தாங்காது. வாங்குபவர்கள் அதை ஃபிரீசரில்தான் வைத்துக்கொள்கிறார்கள்.