சியாங் கான்

சியாங் கான், தாய்லாந்தின் வடகிழக்கில், லோய் மாகாணத்தில் மீகாங் ஆற்றின் தென்கரையில் அமைந்த சிறு நகரம். எதிர்க்கரை லாவோஸ் நாட்டைச் சேர்ந்தது.

தெருவும் சந்தையும்: நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய அழகிய ஊர் இது. ஆற்றையொட்டிய சாய் கோங் தெருவில் பழைய மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பல இன்று விடுதிகளாகவும் கடைகளாகவும் இயங்குகின்றன. விடியற்காலையில் பௌத்தத் துறவிகள் இத்தெரு வழியே வருவார்கள். வாசலில் பாய்விரித்து அமர்ந்திருப்போர், வேகவைத்த பசையரிசிச் சோற்றைச் சிறிது சிறிதாகக் கையில் எடுத்து அவர்களின் பிச்சைப் பாத்திரத்தில் இடுவார்கள். கறிவகைகளைப் பின்னர் கோயிலுக்கே கொண்டுசெல்வது இவ்வூர் வழக்கம். மாலையில் அதே தெருவில் சந்தை கூடும். குச்சியில் கோத்த இறால், தேங்காய் மிட்டாய், பருத்திப் போர்வைகள் ஆகியவை இங்கு பெயர்பெற்றவை.

காணத்தக்கவை: சுவரோவியங்கள் கொண்ட வாட் சி குன் முவாங் கோயில் தெருவிலேயே உள்ளது. நகருக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கேங் குட் கூ பாறைத் திட்டுகள், கோடையில் நீர் வற்றும்போது வெளிப்படும். அருகிலுள்ள பூ தோக் குன்றிலிருந்து குளிர்காலக் காலைகளில் மூடுபனி சூழ்ந்த பள்ளத்தாக்கைக் காணலாம்.

பருவம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடைப்பயணத்துக்கு மிகவும் ஏற்றது.